மூன்றாம் ஓலைக்கு ஓர் ஆட்சேபணை

எங்கள் சபையில் இப்போதெல்லாம் கல்யாண ஓலையை எல்.இ.டி. திரையில் போடுகிறார்கள். பையன் படமும் பெண் படமும் அருகருகே வந்து நிற்க, பின்னால் ஒரு ரோஜாப்பூ விரிவதும் சுருங்குவதுமாக இருக்கும். எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவக் கல்யாணம் நிச்சயமானால், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து ஆராதனையில் அறிவிக்க வேண்டும். இதற்குத்தான் ஓலை வாசிப்பது என்று பெயர். வாசித்து முடித்ததும், இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று ஆயர் கேட்பார். கேட்ட வாயை மூடாமலே அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார். பெண்கள் ஐக்கியக் கூட்டம் வெள்ளி மாலை. ஜெனரேட்டருக்கு முன்னால் வெள்ளை ஸ்கூட்டரை நிறுத்தியவர் தயவுசெய்து எடுத்துவிடவும். தடையென்று யாரும் எழுந்ததில்லை. எங்கள் சபையின் நினைவில் அப்படி எழுந்து நின்றவன் ஒரே ஒருவன்தான். அப்போது அவனுக்கு எட்டரை வயது. முன்பல் இரண்டு கிடையாது.

நான்தான் அது.

பல வருஷங்களாக இதை நான் கல்யாண வீடுகளில் ஒரு நகைச்சுவைத் துணுக்காகச் சொல்லி வந்திருக்கிறேன். அரை டிராயரோடு எழுந்து நின்றதையும், பல் இல்லாத வாயில் ‘ஆட்சேபணை’ என்ற சொல் காற்றாக வெளியேறியதையும் நடித்தே காட்டுவேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். போன மாதம் சிங்காநல்லூரில் ஒரு வரவேற்பில் அப்படி நடித்து முடித்துவிட்டுத் திரும்பினால், பின்னால் அத்தை ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள். நன்றாகத்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கு ஐஸ்கிரீம் இறங்கவில்லை. ஓசி ஐஸ்கிரீம் எனக்கு இறங்காமல் போனது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. அதனால் துணுக்கில் நான் விட்டுவிடுகிற பகுதிகளையும் சேர்த்து ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாயில் வருவது கிண்டல்தான். பொறுத்துக்கொள்ளுங்கள், கோபம் உள்ளே இருக்கிறது.

என் பெரியப்பா சபையின் மிஷனரி சங்கச் செயலர். பீளமேட்டில் பம்பு செட்டு உதிரிபாகக் கடை வைத்திருந்தார் என்றாலும் அவர் மனசு முழுக்கப் பூமியின் கடைசி எல்லைகளில்தான் இருந்தது. அவரை ஜெபம் பண்ணக் கூப்பிட்டால், பிள்ளைகள் நாங்கள் வசதியாகச் சாய்ந்துகொள்வோம். எருசலேமில் கிளம்பி, ஈராக் போரைக் கடந்து, ஐ.நா. சபைக்குள் ஓர் எட்டு நுழைந்து வெளியே வந்து, அமெரிக்க அதிபருக்கு ஞானம் கேட்டு, ஆப்பிரிக்கப் பஞ்சத்துக்கு அழுது, சீனாவில் ஒளிந்து ஆராதிக்கிறவர்களைத் தேற்றி, அவர் மறுபடி கோயமுத்தூர் வந்து இறங்குவதற்குள் எங்களில் பாதிப் பேருக்குக் கொட்டாவியில் தாடை வலிக்கும். உலகத்தின் அத்தனை நாடுகளும் அந்த ஜெபத்தில் வரும். ஆலயத்துக்குப் பின்புறத் தெரு மட்டும் வந்ததில்லை. அங்கே இருந்த நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள் தனியாக ஒரு ஓட்டுக் கட்டடத்தில் ஆராதித்துக்கொண்டிருந்தன. ஏன் தனியாக என்று நான் கேட்டதற்கு, அவர்களுக்கு அது பக்கம் என்றார் பெரியப்பா. எங்கள் ஆலயத்தின் மதில்தான் அந்தத் தெருவின் ஒரு பக்கச் சுவர். அதைவிடப் பக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்கும் அளவுக்கு எனக்கு அப்போது பூகோளம் தெரியாது.

இந்தப் பெரியப்பாவின் ஊழியத்துக்குப் பெருமைக்குரிய கனியாக ஒருவர் இருந்தார். வால்பாறைக்கும் மேலே, தேயிலை எஸ்டேட்டுகள் முடிகிற இடத்துக்கும் அப்பால், காட்டுக்குள் ஒரு சின்னக் குடியிருப்பில் பிறந்தவர். பத்து வயதில் அவரை எங்கள் சபைக்காரர்கள் கீழே கூட்டிவந்து விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்தார்கள். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு மலைக்கே திரும்பி, சபை நடத்திய ஒற்றையறைப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே அறையில் ஆராதனையும் நடத்துவார். பிள்ளைகள் நாங்கள் அவரை மலை வாத்தியார் என்போம். இருவாச்சிப் பறவை மாதிரியும் கருங்குரங்கு மாதிரியும் கத்திக் காட்டுவார். எங்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குத் தெரிந்த கத்தல் ஒன்றே ஒன்றுதான், அது எங்களைப் பார்த்துக் கத்துவது. ஆகவே அவர் எங்களுக்குப் பெரிய ஆள்.

வருஷா வருஷம் ஏப்ரலில் வரும் மிஷனரி ஞாயிறன்று அவர் மலையிலிருந்து இறங்கி வந்து சாட்சி சொல்ல வேண்டும். அந்த வருஷம் ஆராதனைக்கு முன்னால், பிஸ்கட் டப்பா எங்கே இருக்கிறது என்று ஆராய்வதற்காக நான் ஆயருடைய அறைக்குள் ஒளிந்திருந்தபோது பெரியப்பாவும் மலை வாத்தியாரும் உள்ளே வந்தார்கள். மலை வாத்தியார் இஸ்திரி போட்ட சட்டையும் பேண்ட்டும் போட்டிருந்தார். பெரியப்பா கையில் ஒரு பழுப்புக் கம்பளி இருந்தது.

“போன வருஷ மாதிரி இதைப் போத்திக்க தம்பி.”

“வேர்க்குதுங்கய்யா. சட்டையோடயே நின்னுக்கறனுங்க.”

“கம்பளி போட்டாத்தான் பாக்கறவங்களுக்கு மனசுல பாரம் வரும். இப்பிடி நின்னீன்னா உன்ன இன்சூரன்ஸ் ஏஜெண்டுன்னு நெனச்சுப்போடுவாங்க.”

கோயமுத்தூர் ஏப்ரல் வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு அவர் மேடையேறினார். நான் இருளில் இருந்தேன், கல்லையும் மரத்தையும் கும்பிட்டேன், இந்தச் சபை எனக்கு வெளிச்சம் காட்டியது என்று வழக்கமான சாட்சி. பெண்கள் பக்கத்தில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. பெரியப்பா எல்லோருக்கும் முந்தி அழுதார். ஆனால் அந்த வருஷம் மலை வாத்தியார், பெரியப்பா எழுதிக் கொடுத்திருந்ததைத் தாண்டி இரண்டு வரி கூடச் சொல்லிவிட்டார். “எங்கப்பா தேன் எடுக்கப் போனா, ஏறறதுக்கு முன்னாடி மரத்துகிட்ட அனுமதி கேட்டுட்டுத்தானுங்க ஏறுவாரு. அவரு இருட்டுல இருந்தாருன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வர மாட்டீங்குதுங்க.” மைக் அத்தோடு நின்றது. பெரியப்பா உரத்த குரலில் ஒரு துதிப்பாட்டை ஆரம்பித்துவிட்டார். பாட்டு முடிந்ததும் அவரைக் கம்பளியோடு சேர்த்துக் கட்டிப்பிடித்து, “இவன் நம்ம ஊட்டுப் பையன்!” என்றார். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. அந்தக் கட்டிப்பிடித்தல் மறு வருஷத்துச் சங்கக் காலண்டரில் வண்ணப்படமாகவே வந்தது.

பெண்கள் பக்கத்தில் அன்று கைக்குட்டையை எடுக்காத ஒரே ஆள் என் அத்தை. மைக் நின்றபோது அவள் பெரியப்பாவைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள்.

அத்தை, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. நர்ஸ். முப்பத்திரண்டு வயது. எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அம்மாவுக்கு நூல் மில்லில் ஷிப்டு வேலை என்பதால், என்னைக் குளிப்பாட்டியது, பேன் பார்த்தது, ஸ்கூட்டியில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்விட்டது எல்லாம் அத்தைதான். நான் தூங்கியதும் அவள் பக்கத்தில்தான். மாதம் ஒரு சனிக்கிழமை சபையின் மருத்துவ முகாம் வேனில் அவள் மலைக்குப் போய்வருவாள். ஒரு தடவை அடம்பிடித்து நானும் போனேன். ஆழியாறு தாண்டி ஊசிவளைவுகள் ஆரம்பித்ததும் என் வயிற்றிலிருந்த இட்லிகள் ஒவ்வொன்றாக வெளிநடப்புச் செய்தன. வேன் போய் நின்ற இடத்தில் மலை வாத்தியார் காத்திருந்தார். நாறிக்கொண்டிருந்த என்னை முகம் சுளிக்காமல் தூக்கிக்கொண்டு போய், ஓடையில் கழுவி, எலுமிச்சம்பழத் தோலைக் கசக்கி முகரக் கொடுத்தார். அத்தையைப் பார்த்து, “நர்சம்மா, இந்த நோயாளிக்கு ஊசி வேணுங்களா, இல்ல கொரங்குகிட்ட குடுத்துப்போடலாங்களா?” என்று கேட்டார். அத்தை சிரித்தாள். நான் பார்த்தேயிராத ஒரு சிரிப்பு. என்னைக் குரங்கிடம் கொடுப்பதில் இவளுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு மதியம், கோழிக்குழம்புச் சாப்பாட்டுக்கு வந்திருந்த பெரியப்பாவிடம், தான் மலை வாத்தியாரைக் கட்டிக்கொள்ளப் போவதாக அத்தை சொன்னாள். பெரியப்பா கையில் எடுத்த கோழிக்காலை மறுபடி குழம்பிலேயே போட்டார்.

“சுவிசேஷம் குடுத்தோம். படிப்புக் குடுத்தோம். இப்ப பொண்ணும் குடுக்கோணுமா அம்மணி?”

“நீங்கதானுங்ணா நம்ம ஊட்டுப் பையன்னீங்க.”

“அது மேடையில சொல்றது.”

“நானும் மேடையிலதானுங்ணா கட்டிக்கப் போறேன். அதே மேடை.”

“ஒறம்பரை சொந்தபந்தம் மொகத்துல நான் எப்பிடி முழிக்கறது?”

“எப்பவும் முழிக்கற மாதிரியே முழிங்க.”

அப்பா தலையைக் குனிந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் பேசுவதற்கென்று பெரியப்பா இருந்தார், கேட்பதற்கென்று அப்பா இருந்தார்.

நாங்கள் கிறிஸ்தவர்களாகி நான்கைந்து தலைமுறை ஆகிறது. பெயரை மாற்றினோம், சாமியை மாற்றினோம், பண்டிகையை மாற்றினோம். எங்கள் கொள்ளுத்தாத்தா ஞானஸ்நானத் தண்ணீரில் எல்லாவற்றையும் முக்கி எடுத்தாராம். ஒன்றை மட்டும் நனையாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அது என்னவென்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரில் அதைக் கேட்காமல் யாரும் வாடகைக்கு வீடு தருவதில்லை. ஆலயத்தின் முகப்பில் நாம் எல்லோரும் ஒரே சரீரம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். வருஷம் தவறாமல் அதற்குப் புதுப் பெயிண்ட் அடித்துவிடுகிறோம்.

அத்தை யாரையும் கெஞ்சவில்லை. அப்போது ஆயராக இருந்தவர் புதிதாக வந்த இளைஞர். இரண்டு பேரும் சபையின் முழு அங்கத்தினர்கள், வயது வந்தவர்கள், வாசிக்க மாட்டேன் என்று சொல்ல விதி கிடையாது என்று ஓலையை எழுதிக்கொண்டார். முதல் ஞாயிறு வாசித்தார். இரண்டாம் ஞாயிறும் வாசித்தார். பெரியப்பா எழுந்து தடை சொல்ல முடியாது. காலண்டருக்கான படம் அதற்குள் அச்சகம் போய்விட்டது. மலைமக்களுக்காக அழுகிற மனிதர் மலைக்காரனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று மைக்கில் எப்படிச் சொல்வார்? அவருக்கு வேறொரு வாய் தேவைப்பட்டது. குடும்பத்திலேயே ஓயாமல் அசைகிற வாய் ஒன்றுதான் இருந்தது.

மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை என்னைப் பேக்கரிக்குக் கூட்டிப்போனார். தேங்காய் பன், ஹனி கேக், ரோஸ் மில்க். நான் மூன்றையும் ஒரே நேரத்தில் தின்றுகொண்டிருந்தபோது விசாரணை தொடங்கியது.

“வர்ற கிறிஸ்துமஸ் நாடகத்துல உனக்கு என்ன வேஷம் கண்ணு?”

“ஆடுங் பெரியப்பா.”

“போன வருஷம்?”

“ஆடுங்.”

“அதுக்கு முந்தி?”

“அப்பவும் ஆடுதானுங். ஆனா கறுப்பாடுங்.”

“இன்னும் எத்தனை வருஷம் நாலு கால்லயே நடப்பே? ராஜா வேஷம் கட்டறியா? பொறந்த கொழந்தைகள எல்லாம் கொல்லச் சொல்லுவானே, அந்த ராஜா. கத்தி இருக்கும், தாடி இருக்கும். பெரியம்மாகிட்ட நான் சொன்னாப் போதும்.”

ஞாயிறு பள்ளி நாடகத்தைப் போடுவது பெரியம்மா. மூன்றாம் வருஷமும் ‘மே’ என்ற ஒரே வசனத்தையே பேசவிருந்த ஒரு கலைஞனுக்கு இது எப்பேர்ப்பட்ட அழைப்பு என்று யோசித்துப் பாருங்கள். விலை சின்னதுதான். நாளைக்கு ஆயர் தடை இருக்கிறதா என்று கேட்கும்போது எழுந்து நின்று, எனக்கு ஆட்சேபணை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால், அத்தை போய்விட்டால் நான் செத்துப்போவேன் என்று சொல்லி அழ வேண்டும். பேக்கரிக்காரர் ஒரு மாதிரியாகப் பார்க்கப் பார்க்க, பெரியப்பா எனக்கு நாலு தடவை ஒத்திகை பார்த்தார். ‘ஆட்சேபணை’ எனக்கு வரவேயில்லை; ஓட்டைப் பல் வழியாக ரோஸ் மில்க்தான் வந்தது. கடைசியில் சட்டையைத் துடைத்துவிட்டு, “இது நமக்குள்ள கண்ணு. வாக்குக் குடுத்தா மாறக்கூடாது. ஆண்டவரு பாத்துட்டு இருக்காரு” என்றார்.

மறுநாள் மலை வாத்தியார் விடிகாலை பஸ் பிடித்து இறங்கி வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேண்ட், கம்பளி இல்லை. மேடைக்குப் போகாமல் முதல் தடவையாக ஆண்கள் பக்கத்து நடு வரிசையில் உட்கார்ந்தார். அவருக்கு இடப்புறம் ஓர் ஆள் உட்காரும் இடமும் வலப்புறம் ஓர் ஆள் உட்காரும் இடமும் ஆராதனை முடியும்வரை காலியாகவே இருந்தன. பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆயர் ஓலையை வாசித்தார். கேள்வியைக் கேட்டார். நான் எழுந்தேன்.

“எனக்கு ஆத்தேபணை இருக்குதுங்!”

முதலில் சிரிப்புத்தான் எழுந்தது. ஆயரும் சிரித்தபடி, “என்ன ஆட்சேபணை தம்பி?” என்று கேட்டார். எனக்கு அழுகை வரவில்லை. அவ்வளவு பெரிய கூட்டம் என்னையே பார்க்கிறது என்ற சந்தோஷத்தில் எப்படி அழுகை வரும்? தொடையை நகத்தால் கிள்ளினேன். நன்றாகவே கிள்ளிவிட்டேன் போலிருக்கிறது. “அத்தை போயிட்டா நான் செத்துப்போயிருவேனுங்” என்று ஆரம்பித்த அழுகை நிறுத்த முடியாமல் நீண்டது. சிரிப்பு அடங்கியது. பெண்கள் பக்கத்தில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. அத்தை எழுந்து என்னிடம் ஓடிவந்து, எல்லோர் முன்னாலும் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எட்டரை வயதுத் தடியன் நான். என் கால் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

அப்போதுதான் பெரியப்பா எழுந்தார். “சின்னக் கொழந்த வாயில ஆண்டவர் பேசியிருக்காரு. இதை நாம சாதாரணமா எடுத்துக்கக் கூடாது. ஒரு மாசம் பொறுத்து, ஜெபிச்சு முடிவெடுப்போமுங்க” என்றார். குழந்தையின் கண்ணீர் எந்த விதியிலும் தடையாகாது என்று ஆயருக்குத் தெரியும். ஆனால் அவருடைய அடுத்த மாற்றலுக்குக் கடிதம் எழுதப்போவது யார் என்பதும் தெரியும். ஜெபிப்போம் என்றார். எங்கள் கமிட்டியில் ஜெபிப்போம் என்று சொல்லப்பட்ட எந்தக் காரியமும் பிறகு நடந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த ஒரு மாதம் நான் சபையின் சின்னத் தீர்க்கதரிசி. ஆண்டவர் பேசிய வாய் இதுதான் என்று கிழவர்கள் என் கன்னத்தைக் கிள்ளினார்கள். ஒரு அம்மாள் தன் மகனுக்குப் பாஸ்போர்ட் கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார். கிடைக்கும் என்றேன். கிடைத்தது. என் புகழ் சூலூர்வரை போனது.

அந்த ஒரு மாதத்தில் பெரியப்பாவுக்கும் ஒரு தரிசனம் கிடைத்தது. வடக்கே, இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருந்த ஒரு பணித்தளத்துக்கு உடனே ஓர் ஆசிரியர் தேவை. அதற்கு மலை வாத்தியாரைத்தான் ஆண்டவர் அழைக்கிறார். எங்கள் சபையில் அழைப்பு எப்போதும் அழைக்கப்படுகிற ஆளுக்கு முன்னால் செயலருக்குத்தான் கேட்கும். மறுத்தால், அவன் பெண்ணுக்காக ஊழியத்துக்கு வந்தவன் என்று பேச்சாகும். அதோடு, அந்த மலைக் குடியிருப்பிலிருந்து வந்து எங்கள் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த ஆறு பிள்ளைகளின் இடத்தைப் பற்றியும் கமிட்டியில் யாரோ மெதுவாக ஞாபகப்படுத்தினார்களாம். மலை வாத்தியார் போகிறேன் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வழியனுப்பு ஆராதனை. பெரியப்பா அவருக்கு ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். அந்த மனிதரை எதையாவது போர்த்தாமல் பார்க்கவே அவருக்குப் பிடிக்காது போலிருக்கிறது. கமிட்டிக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்று அவர் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். ஓலை வாசித்தபோது அவர் பக்கத்தில் உட்காராதவர்கள்தான் அத்தனை பேரும். இத்தனை கைகள் ஒரு தலையை அழுத்தினால் ஆள் எப்படி நிமிர்வான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அன்று நான் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினேன்.

எனக்கான கூலியில் குறை வைக்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான்தான் ராஜா. அட்டைக் கத்தியைச் சுழற்றி, ஒரு குழந்தையையும் விடாதே என்று கர்ஜித்தேன். அத்தை எழுந்து நின்று கைதட்டினாள்.

மலை வாத்தியார் வடக்கே தங்கிவிட்டார். ஏழெட்டு வருஷம் கழித்து அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அந்தச் செய்தியைப் பெரியப்பா மைக்கில் அறிவித்து, ஸ்தோத்திரம் சொல்லும்படி சபையைக் கேட்டுக்கொண்டார். அத்தையும் ஸ்தோத்திரம் சொன்னாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரியப்பா காலமானதும் அவர் பெயரில் ஒரு மிஷன் ஹால் கட்டினார்கள். திறப்புவிழாவில் நகைச்சுவையாக நாலு வார்த்தை பேசும்படி என்னைத்தான் கூப்பிட்டார்கள். பேசினேன். எனக்கு அவர் மேல் எவ்வளவு கோபமோ அதே அளவு கோபம் அந்த நாலு வார்த்தையின் மேலும் இருக்கிறது.

ஒன்றை மட்டும் நான் கல்லூரி படிக்கும்போது அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த வழியனுப்பு நாளுக்கு, ஒருவருக்கும் தெரியாமல் அப்பா இரண்டு ரயில் டிக்கெட் எடுத்திருந்தார். கேட்பதற்கு மட்டுமே பிறந்தவர் என்று நான் நினைத்திருந்த என் அப்பா. மூன்றரை மணி ரயில். ஒரு டிக்கெட் மலை வாத்தியாருக்கு, இன்னொன்று அத்தைக்கு. போகிற ஊரில் இருந்த ஆயர் ஓலையைப் புதிதாக வாசித்துக் கல்யாணத்தை நடத்தித்தர ஒத்துக்கொண்டிருந்தாராம். அப்பா இதைச் சொன்ன பிறகும் அத்தையிடம் போய் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓயாமல் அசைகிற இந்த வாய்க்கு.

அந்த வழியனுப்பு நாளன்று மதியம் சாப்பாடு முடிந்து நான் கூடத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை மலைக்குப் போகும்போது எடுத்துப்போகும் பையில் துணி வைத்திருந்தாள். அன்று ஞாயிறுதானே, முகாம் சனிக்கிழமை அல்லவா என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா ஸ்கூட்டர் சாவியோடு வாசலில் நின்றார். அத்தை வந்து டி.வி.யை அணைத்துவிட்டு என் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

“கண்ணு, அத்தை ஒன்னு கேப்பேன். நெசத்தச் சொல்லோணும். அன்னைக்குச் சர்ச்சுல எந்திரிச்சுச் சொன்னியே, அது யாராச்சும் சொல்லிக்குடுத்தாங்களா?”

வாக்குக் கொடுத்திருந்தேன் என்பது உண்மைதான். ஆனால் அதற்காகத்தான் பொய் சொன்னேன் என்று சொன்னால், அது நான் சொல்லும் இரண்டாவது பொய்யாகிவிடும். சொல்லிக்கொடுத்தது என்று ஒத்துக்கொண்டால் நான் அப்புறம் தீர்க்கதரிசி இல்லை, வெறும் ஆடு.

“இல்லீங் அத்தை. நானாத்தான் சொன்னேன்.”

“நெசமாவா? அத்தை போனா உனக்கு அவ்வளவு கஷ்டமா இருக்குமா?”

“செத்துப்போயிருவேனுங்” என்றேன். இந்தத் தடவை கிள்ளிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ஒத்திகை பார்த்துப் பார்த்து வசனம் நன்றாகப் பழகியிருந்தது.

அத்தை என் தலையைப் பிடித்துத் தன் தோளில் வைத்து அழுத்திக்கொண்டாள். எனக்குக் கழுத்து வலித்தது.

“அம்மணி, நேரமாச்சு” என்றார் அப்பா.

“நீங்க போயி அவரை ஏத்தி அனுப்பிப்போட்டு வாங்ணா.”

அப்பா நின்றுகொண்டே இருந்தார். அப்புறம் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. அத்தை உள்ளறைக்குப் போய்ப் பையைக் கட்டில் மேல் வைத்து ஜிப்பைத் திறந்தாள். ஒவ்வொரு சேலையாக எடுத்து, மடிப்புக் கலையாமல் மறுபடி பீரோவில் அடுக்கினாள். நானும் ஓடிப்போய் உதவினேன். பையின் அடியில் ஒரு புதுச் சேலை இருந்தது, சந்தன நிறத்தில், உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அதை எங்கே வைப்பது என்று கேட்டேன். மேல் தட்டில், எல்லாவற்றுக்கும் பின்னால் என்றாள். எனக்கு எட்டவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, நானே தள்ளி வைத்தேன்.

கடைசியில் காலிப் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். கடிகாரம் அவளுக்கு எதிரே சுவரில்தான் மாட்டியிருந்தது. ஆனால் அவள் அதைப் பார்க்காமல், “மணி என்ன ஆச்சு கண்ணு?” என்று என்னைக் கேட்டாள்.

முள் பார்த்து மணி சொல்ல அந்த மாதம்தான் அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். பெரிய முள்ளையும் சின்ன முள்ளையும் நான் மாற்றி மாற்றிச் சொல்வேன். அன்று நிதானமாக விரல் விட்டு ஐந்தைந்தாக எண்ணி, ஒரு பிழையும் இல்லாமல், “மூணு முப்பத்தஞ்சுங் அத்தை” என்றேன்.

சரியாகச் சொன்னால் அவள் எப்போதும் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுப்பாள். அதற்காகக் கன்னத்தைக் காட்டியபடி வெகு நேரம் அவள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன்.